சாவா மூவாப் பேராடும் பொலிகடாவும்: கம்பளியாட்டு இனவிருத்தியின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியில், மாதோட்டத்தைக் கடந்து விடத்தல்தீவை நோக்கிச் செல்வோர் பாப்பாமோட்டையைக் காண்பர். ‘மோட்டை’ என்னும் ஈறு வன்னிப் பெருநிலத்து ஊர்ப்பெயர்களிற் பரவலாக வருவது. சிறு நீர்நிலையைக் குறிப்பது. நெல் அறுவடை முடிந்த வயல்களில் ஆடுமாடுகள் இறங்கும் நாட்டுப்புறம் இது. இங்குள்ள செம்மறிகளின் உடலிற் கம்பளி இல்லை. வெப்பம் மிகுந்த உலர்வலயத்திற்குரிய குறுமயிரே உண்டு. எனவே கம்பளியாட்டின் வரலாற்றை இவ்வூரிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயின், இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா இங்கேயே எனக்கு முதலில் எழுந்தது.

பட்டிக்குக் கடா தெரிவுசெய்யும் முறைபற்றி இவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் வினவியபொழுது, “தம்பி, கடாவைப் பாத்துக் கடா பிடிக்கக் கூடாது. தாயைப் பாக்கோணும். அதோட முந்தின ஈத்துக் குட்டியளையும் பாக்கோணும்” என்றார். கண்முன் நிற்கும் விலங்கின் தோற்றம் வேறு, அது தன் வழித்தோன்றல்களுக்குக் கையளிக்கக்கூடியது வேறு என்ற வேறுபாடு இக்கூற்றில் அடங்கியுள்ளது. இன்று அவுஸ்திரேலியாவிலே கணனிகள் மெரினோக் கடா ஒவ்வொன்றிற்கும் கணித்து வெளியிடும் ‘இனவிருத்திப் பெறுமானம்’ என்பதும் அடிப்படையில் இதே வேறுபாட்டின்மீது கட்டப்பட்டதே. அங்ஙனமாயின், பெரியவரின் அறிவு பட்டிக்குள்ளேயே தங்கிவிட, மற்றையது உலகச் சந்தையை ஆளும் எண்ணாக மாறியது எவ்வாறு? இதனை மூளைத்திறனின் வேறுபாடாகக் கொள்வது வரலாற்றுக்குப் புறம்பானது. விடை உற்பத்தி உறவுகளிலேயே தேடப்பட வேண்டும்.

இலக்கிய மாணவன் என்ற வகையில் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். தொல்காப்பியத்து மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்துரைப்பது. ஆட்டின் ஆணுக்கு மட்டும் அது தகர், உதள், மோத்தை, அப்பர் என நான்கு பெயர்களைத் தருகின்றது. ஒரு சமூகம் எதனைக் கூர்ந்து நோக்கி வேறுபடுத்திப் பயன்படுத்துகின்றதோ அதற்கே பல பெயர்களை வைத்திருக்கும். முல்லை நிலத்து ஆயரின் வாழ்வில் ஆண்விலங்கின் தெரிவு பெற்றிருந்த இடத்தை இப்பெயர்களின் பெருக்கம் உணர்த்துகின்றது எனலாம். பட்டினப்பாலை காட்டும் புகார்க் கடற்கரைக் குடியிருப்பிலே தகரும் காணப்படுகின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நெய்தலும் முல்லையும் நம் உரையாசிரியர்கள் பிரித்துவைத்த அளவுக்கு வாழ்விற் பிரிந்திருக்கவில்லை; பாப்பாமோட்டையை அறிந்தவர்க்கு இது புதுமையன்று.

சோழர் காலத்திற்கு வரும்பொழுது நிலைமை மாறுகின்றது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்காக ஆடுகளை நிவந்தமாக விடும் வழக்கத்தைப் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கிற் பதிவுசெய்துள்ளன. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள். அவற்றைப் பொறுப்பேற்ற இடையர் நாளொன்றுக்கு ‘ஆடவல்லான்’ என்னும் அளவையால் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாறு விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனச் சுட்டுகின்றன. சாவாத ஆடு ஏது? மூத்தவை கழியக் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை மாறாது, நெய் நிற்காது. ஆட்டின் இறப்பும் நோயும் வறட்சியும் இடையனின் பொறுப்பு. அவனுக்குப் பிணை நின்ற உறவினரின் பெயர்களும் கல்லிற் பொறிக்கப்பட்டன. பக்தியின் மொழியிற் கூறப்பட்ட இச்சொற்றொடர், உயிருள்ள உற்பத்திச் சாதனத்தைக் குறையாத முதலாக மாற்றும் நிலமானிய ஏற்பாட்டின் மிகத் துல்லியமான பெயராகும். பொருளியல் நூல்கள் நூறு பக்கத்தில் விளக்குவதைக் கல்வெட்டெழுதியவன் மூன்று சொற்களில் வைத்துவிட்டான்.

இவ்வழக்கம் நமது நாட்டிற்குப் புறம்பானதன்று. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டுகளிலும் விளக்கிற்காகப் பசுக்கள் விடப்பட்ட செய்தி வருகின்றது. பாப்பாமோட்டைக்குத் தெற்கே, ‘இராஜராஜபுரம்’ எனப் பெயர் மாற்றப்பட்ட மாதோட்டத்தில், தாழி குமரன் என்பவன் இராஜராஜ ஈச்சுவரத்தை எடுப்பித்து நிவந்தம் அளித்தமையைக் கூறும் கல்வெட்டும் உண்டு.

இங்கு அவதானிக்க வேண்டியது ஒன்று. நிலமானிய ஏற்பாட்டிற்கு ஆட்டின் எண்ணிக்கையே வேண்டியிருந்தது. எந்த ஆடு என்பது வேண்டியிருக்கவில்லை. 96 ஆடும் உழக்கு நெய்யும் ஆண்டுக்காண்டு அவ்வாறே நின்றால் அதிகாரத்திற்குப் போதும். ஆட்டின் தரத்தை உயர்த்துவதால் வரும் மிகை யாருக்குச் சேரும் என்பது தெளிவில்லாத இடத்தில், கடாத் தெரிவு இடையனின் சொந்த அறிவாகவே இருந்தது. அது ஏட்டில் ஏறவில்லை.

அதை ஏட்டில் ஏற்றியது இங்கிலாந்தின் விவசாய முதலாளித்துவம். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆடுகள் மனிதரை விழுங்குவதாகத் தோமஸ் மூர் எழுதினார். பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுக் குடியானவர் துரத்தப்பட்டமையின் கடைசிக் காட்சிகளுள் ஒன்று ஸ்கொத்லாந்தின் சதர்லாந்தில் நிகழ்ந்தது. 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 15,000 மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர்; 1825 அளவில் அவர்களின் இடத்தில் 131,000 ஆடுகள் நின்றன என்று ‘மூலதனம்’ முதலாந் தொகுதி பதிவுசெய்கின்றது. நிலம் தனியுடைமையான பின்னர் விலங்கின் பரம்பரையும் தனியுடைமையாதல் இயல்பே. லெஸ்ரர்ஷயரின் டிஷ்லி என்னுமிடத்துப் பண்ணையாளர் ரொபேர்ட் பேக்வெல் (1725–1795) அதனைச் செய்துகாட்டினார்.

பேக்வெல் கடாக்களை விற்கவில்லை. பருவத்திற்கு வாடகைக்கு விட்டார். 1760 அளவில் சில ஷில்லிங்குகளுக்கு விடப்பட்ட கடாக்கள் 1780களின் பிற்பகுதியில் நூற்றுக்கணக்கான கினிகளுக்குப் போயின. இந்த வாடகைமுறையின் உள்நுட்பம் கவனத்திற்குரியது. கடா அயலார் பண்ணையிற் சேர்கின்றது. குட்டிகள் அயலாரின் தீனியில் வளர்கின்றன. எந்தக் கடாவின் குட்டிகள் சிறந்தன என்பதைக் கண்டபின், அக்கடாவைப் பேக்வெல் தமது மந்தைக்கு மீட்டுக்கொள்கிறார். சந்ததிவழிச் சோதனை என்று இன்று வழங்கும் முறையை அவர் பிறர் செலவில் நடத்தினார். அவரைச் சுற்றி அமைந்த டிஷ்லிச் சங்கம், கடாக்களை யாருக்கு விடலாம், யாருக்கு விடலாகாது என விதிசெய்து, இரகசியத்தைக் காத்தது. இன்றைய காப்புரிமைகளின் மூதாதை அங்கேயே பிறந்தது.

மார்க்ஸ் இதனைக் கண்டார். எங்கெல்ஸ் 1885இற் பதிப்பித்த ‘மூலதனம்’ இரண்டாந் தொகுதியில், மூலதனச் சுற்றோட்டத்தின் கால அளவை ஆராயுமிடத்து, நான்கைந்து வயதிலேயே கொல்லத் தகுதிபெற்ற ஆடு பேக்வெல் முறையில் ஓராண்டிலேயே கொழுக்கவைக்கப்படுகின்றது எனவும், எலும்புக்கூடு வாழ்வுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவிற்குச் சுருக்கப்பட்டது எனவும் குறிப்பிடுகின்றார். ஆட்டின் உடலுக்குள்ளேயே மூலதனத்தின் கால அவசரம் புகுந்துவிட்டதை இவ்வளவு தெளிவாக அக்காலத்து விலங்கியலாளர் எவரும் கூறினாரென நான் கருதவில்லை. எம்மிடையே இரண்டாந் தொகுதியை வாசிப்பவர் குறைவு. முதற்றொகுதியை மேற்கோள் காட்டுபவரே மிகுதி.

பேக்வெல்லின் ஆடு பிரதானமாக இறைச்சிக்குரியது. கம்பளிக்குரிய மெரினோ, நெடுங்காலம் ஸ்பானிய முடியாட்சியின் பாதுகாப்பில் இருந்து, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரவியது. பிரான்சின் ரம்புயே அரச பண்ணைக்கு 1786இற் போய்ச் சேர்ந்தது. இவற்றுள் அறிவு வரலாற்றிற்கு முக்கியமானது மொராவியாவின் புறுன் நகரம். நெசவாலைகள் பெருகியிருந்த அந்நகரில் 1814இல் ஆட்டினவிருத்தியாளரின் சங்கம் அமைந்தது. நெருங்கிய உறவுள்ள ஆடுகளை இணைத்து மென்கம்பளியை நிலைநிறுத்தலாமா என்ற வாதம் அங்கு நடைபெற்றது. 1819இல் இம்ரே ஃபெஸ்ரெற்றிக்ஸ் என்னும் ஹங்கேரியப் பிரபு, பரம்பரைக்கு இயற்கை விதிகள் உண்டென அவ்விவாதத்தில் எழுதினார். 1830களில் அந்நகர் மடத்தின் தலைவர் நாப், இணைக்கும் முறைபற்றிய பேச்சை நிறுத்தி, எது பரம்பரையாகக் கடத்தப்படுகின்றது, எவ்வாறு கடத்தப்படுகின்றது என வினவவேண்டுமென்றார். அதே மடத்தில் 1843இற் சேர்ந்த இளந்துறவி கிரகர் மெண்டல். பட்டாணிச் செடிகளோடு தனித்திருந்த துறவி என்று பாடநூல்கள் வரையும் சித்திரத்தின் பின்னணியில் நெசவாலை முதலாளிகளும் ஆட்டுப் பண்ணையாளரும் நிற்கின்றனர். நவீன பிறப்புரிமையியலின் வினா கம்பளிச் சந்தையிலே பிறந்தது என்பது மிகைக்கூற்றாகாது.

விடை எண்ணாக மாறியது 20ஆம் நூற்றாண்டில். கம்பளியின் நிறை, இழையின் தடிப்பு போன்றவை ஒரு பரம்பரையலகால் அன்றிப் பலவற்றாலும், அவற்றோடு தீனி, மழை, தாயின் பால் ஆகியவற்றாலும் தீர்மானிக்கப்படுவன. ஆகவே பிரித்தறிய வேண்டியது, ஒரு கடாவின் சிறப்பில் எவ்வளவு பிறப்பால் வந்தது, எவ்வளவு புல்லால் வந்தது என்பதாகும். ஒரு கற்பிதக் கணக்கால் விளக்குவேன். ஒரே மேய்ச்சலில் வளர்ந்த மந்தையின் சராசரிக் கம்பளி 2 கிலோ. ஒரு கடா 3 கிலோ தருகின்றது. கம்பளி நிறையின் வேறுபாடுகளில் பத்தில் மூன்று பங்கே பரம்பரைக்குரியது எனக் கொண்டால், அக்கடாவின் மதிப்பிடப்பட்ட பெறுமானம் 1 கிலோ அன்று, 0.3 கிலோவே. குட்டி தந்தையிடமிருந்து பாதியையே பெறுவதால், சராசரி மறிகளோடு சேரும்போது குட்டிகளிடம் எதிர்பார்க்கத்தக்க உயர்வு 0.15 கிலோ, அதாவது 150 கிராம். கண்ணைக் கவரும் கடா தரும் வாக்குறுதியில் எவ்வளவு சுருங்குகின்றது என்பதைக் காண்க. தாய், உடன்பிறப்பு, வழித்தோன்றல் ஆகியோரின் அளவுகளும் சேரச் சேர மதிப்பீட்டின் நம்பகம் உயரும். அமெரிக்காவில் ஜே லஷ் 1937இல் எழுதிய நூலும், 1943இல் ஹேசல் வகுத்த தெரிவுச் சுட்டெண்ணும், பின்னர் ஹென்டர்சன் உருவாக்கிய கணித முறையும் இதற்கு அடித்தளமிட்டன. பெரியவரின் “தாயைப் பாக்கோணும்” என்பதற்கு இம்முறையில் ஒரு திட்டமான நிறை உண்டு.

இதனை மெரினோவிற்குப் பொருத்தியவருள் முதன்மையானவர் அவுஸ்திரேலியப் பெண்மணி ஹெலன் நியூற்றன் ரேணர் (1908–1995). கட்டடக்கலை பயின்று, ஆய்வுகூடமொன்றில் செயலாளராகச் சேர்ந்து, புள்ளிவிபரவியலாளராக உயர்ந்தவர். கண்பார்வையால் ஆடுகளைத் தரம்பிரிப்பதைவிட அளந்து தெரிவதே பயன்தரும் என அவர் வாதிட்டபொழுது, பெரும் இனவிருத்திப் பண்ணையாளரும் அவர்களின் தொழில்முறைத் தரம்பிரிப்போரும் எதிர்த்தனர். இவ்வெதிர்ப்பின் வர்க்க உள்ளடக்கம் வெளிப்படையானது. பண்ணையின் பெயருக்கும் கடாவின் கழுத்து மடிப்பிற்கும் விலை கிடைத்துவந்த இடத்தில், தராசும் நுணுக்குக்காட்டியும் வந்தால் சிறு பண்ணையாளனின் பெயரில்லாக் கடாவும் போட்டிக்கு வந்துவிடும். 1929இல் மெரினோக் கடாக்களின் ஏற்றுமதியைத் தடைசெய்த நாடு அது; 1970இலேயே அத்தடை ஓரளவு தளர்ந்தது.

இடதுசாரிகளாகிய நாம் இங்கு ஒரு கசப்பை விழுங்கியே ஆகவேண்டும். 1930களில் செயற்கைமுறைச் சினைப்படுத்தலை ஆட்டு மந்தைகளிற் பேரளவிற் கையாண்ட முன்னோடி நாடு சோவியத் ஒன்றியம். கடாவொன்றின் தகுதியைச் சமூக உடைமையாக்கும் பௌதிக வாய்ப்பு அங்கு இருந்தது. ஆயின் பிறப்புரிமையியலாளர் வவிலோவ் 1943இற் சிறையில் மடிந்தார். 1948இல் லைசென்கோவின் பிடியில் மெண்டலியம் பூர்ஷ்வா விஞ்ஞானமெனத் தடைசெய்யப்பட்டது. பரம்பரைபற்றிய புள்ளிவிபரவியலின் தொடக்கம் கோல்ற்றனின் வர்க்கத் தப்பெண்ணங்களோடு பின்னிக்கிடந்தது உண்மையே. அதனை விமர்சிப்பது வேறு. அளவுகோலையே முறித்தெறிவது வேறு.

அளவுகோலைக் கைவிடாமலே கேட்கவேண்டிய கேள்வி உண்டு. ஹேசலின் சுட்டெண்ணில் ஒவ்வொரு பண்பிற்கும் ஒரு பொருளாதார நிறை கொடுக்கப்படும். கம்பளி நிறைக்கு எவ்வளவு, மென்மைக்கு எவ்வளவு, இரட்டைக்குட்டிக்கு எவ்வளவு, வறட்சியில் உயிர்தரிப்பதற்கு எவ்வளவு என்பதை உயிரியல் கூறாது, சந்தையே கூறும். கம்பளி நிறை கூடினால் இழை தடிக்கும் போக்கு உண்டாதலால் ஒன்றுக்காக மற்றதைச் சற்று விட்டுக்கொடுக்கவும் வேண்டும். ‘நல்ல கடா’ என்ற முடிவில் ஆலை முதலாளியின் விலைப்பட்டியல் அமர்ந்திருக்கின்றது.

தமிழகத்தின் நீலகிரி ஆடு இதற்கு உயிருள்ள சான்று. 19ஆம் நூற்றாண்டில், கோயம்புத்தூர்ப் பகுதிச் செம்மறிகளோடு தாஸ்மேனிய மெரினோ, செவியற், சவுத்டவுன் இனங்களைக் கலந்து மலைக்காலனியில் உருவானது அது. சமவெளியில் குறும்பர் நெய்த கரடுமுரடான கம்பளத்திற்கு ஏற்ற உரோமத்தைவிட மென்மையானது அதன் கம்பளி. பின்னர் சாண்டிநல்லா ஆட்டினவிருத்தி ஆய்வு நிலையத்தில் மெரினோ, ரம்புயே இரத்தம் 62.5 வீதமும் நீலகிரி இரத்தம் 37.5 வீதமுமாகச் ‘சாண்டினோ’ உருவாக்கப்பட்டது. 1962இல் இராஜஸ்தானின் அவிகாநகரில் அமைந்த மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1965இல் கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் தென்மண்டல நிலையத்தைத் தொடங்கியது. ‘பாரத் மெரினோ’ அங்குப் பேணப்படுகின்றது. இந்நிலையங்களிற் குட்டியின் பெற்றோர், பிறந்த நாள், நிறை, கத்தரித்த கம்பளி ஆகியன தொடர்ந்து பதியப்பட்டு, அப்பதிவேடுகளிலிருந்தே கடாக்கள் கணித்துத் தெரியப்படுகின்றன. நமது மொழி வழங்கும் நிலத்தில் இவ்விஞ்ஞானம் பல்லாண்டாக நடைபெறுகின்றது என்பது நமது அறிவுலகில் அதிகம் பேசப்படாத செய்தி.

ஆனால் வேலிக்கு வெளியே என்ன நிகழ்ந்தது? நீலகிரியின் புல்வெளிகளைத் தேயிலையும் வாற்றில், யூக்கலிப்டஸ் காடுகளும் விழுங்கின. ஆலைகளுக்குத் தேவையான மென்கம்பளி பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகின்றது. மலையில் ஆடு வளர்ப்போனுக்குக் கம்பளியால் வரும் வருவாய் சிறிது. ஆட்டை இறைச்சிக்கே விற்கிறான். நீலகிரி ஆட்டின் தொகை அருகிவிட்டது. சதர்லாந்தில் ஆடு மனிதரைத் துரத்தியது. இங்குத் தோட்டம் ஆட்டையும் மேய்ப்பவனையும் சேர்த்துத் துரத்தியது. மென்மைக்குக் கொடுக்கப்பட்ட நிறை ஆய்வுநிலையத்தின் சுட்டெண்ணில் இருந்தது. வளர்ப்போனின் வாழ்வில் இருக்கவில்லை.

மற்றொரு வரலாறு எதிர்த் திசையிற் செல்கின்றது. அவுஸ்திரேலியாவின் பூறூலா மெரினோக்கள் ஒரே ஈற்றில் மூன்று நான்கு குட்டிகள் ஈனும் இயல்பாற் புகழ்பெற்றவை. 1958 முதல் அரசாங்க ஆய்வு மன்றம் அவற்றை ஆராய்ந்தது. இவ்வியல்புக்கு ஒரு தனிப் பரம்பரையலகே காரணமென்பது பின்னர் தெளிவாயிற்று. 2001இல் அதன் மாற்றம் இனங்காணப்பட்டது. அடுத்த ஆண்டு, வங்கத்துச் சுந்தரவனச் சதுப்பில் மேயும் சிறு ‘கரோல்’ ஆட்டிலும் அதுவே உண்டெனக் கண்டனர். 1792, 1793ஆம் ஆண்டுகளிற் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குக் கப்பலேறிய வங்க ஆடுகளே அதனைக் கொண்டுசென்றன என்பது ஆய்வாளர் முடிபு. பெயரற்ற வங்கக் குடியானவன் தலைமுறைகளாகப் பேணிய இயல்பு, அவுஸ்திரேலியப் பண்ணையின் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. மகாராட்டிரத்தின் பல்ட்டன் நகரிலுள்ள நிம்கர் விவசாய ஆராய்ச்சி நிறுவனம், கரோல் ஆட்டிலிருந்து அப்பரம்பரையலகைத் தக்காணி ஆட்டினுள் செலுத்தி, அங்குள்ள மேய்ப்பரின் மந்தைகளுக்கு அளித்தது. அங்கே தெரிவின் நோக்கம் கம்பளியன்று, மேய்ப்பன் விற்கக்கூடிய மேலும் ஒரு குட்டி. அதிலும் நான்கு குட்டிகளை ஓர் ஏழையின் ஆடு பாலூட்டமுடியாது என்பதால் அளவோடு வைத்தனர். பொருளாதார நிறையை மேய்ப்பனின் பக்கமிருந்தும் எழுதலாம் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பாப்பாமோட்டைக்கு மீள்கிறேன். 2008ஆம் ஆண்டு யுத்தம் இப்பகுதியைக் கடந்தபொழுது மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிழக்கே சென்றனர். ஆடுமாடுகள் பின்தங்கின, சிதறின, அழிந்தன. அழிந்தது விலங்கு மட்டுமன்று. எந்த மறி எந்தக் கடாவிற்குப் பிறந்தது, எது வறட்சியைத் தாங்கியது, எது குட்டியை விட்டோடியது என்ற பதிவேடு பட்டிக்காரரின் நினைவிலேயே இருந்தது. நினைவு மிஞ்சினாலும் அது சுட்டிய ஆடுகள் இல்லை. சாண்டிநல்லாவில் ஏடு எரிந்தாலும் ஆடு நிற்கும், ஆடு மடிந்தாலும் ஏடு நிற்கும். இங்கு இரண்டும் ஒன்றாகவே போயின. மீள்குடியமர்வின் பின் வழங்கப்படும் வாழ்வாதார ஆடுகளின் தாயை யாரும் அறியார். காதிற் குத்திய இலக்கம் எவருடைய கணக்கிற்கானது என்பதை வாங்கியவரும் அறியார்.

நான் முதலிற் குறிப்பிட்ட பெரியவர், திரும்பி வந்தபின் வேற்றூரிலிருந்து ஒரு கடாவை வாங்கினார். அதன் தாயைப் பார்க்க வழியில்லை. எனவே அயலவர் இருவரின் மறிகளோடும் அதனைச் சேரவிட்டு, மூன்று பட்டிகளிலும் பிறந்த குட்டிகளை ஒரு மாரியும் ஒரு கோடையும் பார்த்திருந்தார். பேக்வெல் செய்ததையே அவரும் செய்தார். வாடகை வாங்கவில்லை; கண்டதை மூவரும் தமக்குள் பேசிக்கொண்டனர். இரண்டு மறிக்குட்டிகளைத் தமக்கென நிறுத்திக்கொண்டு, கடாவை விற்பதா வைப்பதா என்பதை அடுத்த ஈற்றுக்குத் தள்ளியிருந்தார், நான் கடைசியாகச் சென்றபொழுது.